ஒன்பதால் வகுபடும் குற்றம்

எண்ணிடும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுதாபங்கள். வாழ்த்துகளை மேலதிகாரிகள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் மேசைமேல் இப்போது கணினி உட்கார்ந்திருக்கிறது. எண்ணைத் தட்டினால் பச்சை எழுத்தில் ‘சரி’ என்கிறது. நீங்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். ஒரு எண் விதிப்படி சரியாக இருக்கலாம், ஆனால் நமக்கு வேண்டிய எண்ணாக இல்லாமல் போகலாம். இதை அந்தப் பெட்டி உங்களுக்குச் சொல்லாது. எனக்கு இது புரிய ஒரு பெட்டி பித்தளை வால்வு காணாமல் போக வேண்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. புனேயிலிருந்து லோனாவ்ளா லோக்கல் ரயிலில் போய் இறங்க வேண்டிய ஒரு மத்திய அரசுக் கிடங்கு. எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. லாரிகளுக்கும் எஞ்சின்களுக்கும் வேண்டிய உதிரிபாகங்கள் அங்கே மலைமலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்க எண். உதாரணத்துக்கு ஒன்று: 461257308108. வாய்விட்டுப் படித்தால் நாற்பத்தாறாயிரத்து நூற்றிருபத்தைந்து கோடியே எழுபத்து மூன்று லட்சத்து எட்டாயிரத்து நூற்றெட்டு. இவ்வளவு பெரிய பெயரைச் சுமந்துகொண்டிருந்தது ஒரு முழ நீள ரப்பர் குழாய்.

இந்த எண்களுக்கு ஒரு குலப்பெருமை உண்டு. எல்லாம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். தலைமை அலுவலகத்தில் ஒரு மேதை இருந்தார். கடைசி இலக்கத்தை அதற்கேற்றபடி வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியவர் அவர்தான். இலக்கங்களைக் கூட்டுங்கள், நாற்பத்தைந்து வரும். நாலையும் ஐந்தையும் கூட்டுங்கள், ஒன்பது. எழுதும்போது ஏதாவது ஒரு இலக்கம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கூட்டல் உதைக்கும், பிழை மாட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் அலுவலகங்களில் நல்ல ஏற்பாடு எதுவும் நல்ல ஏற்பாடாக மட்டும் இருக்க விடப்படுவதில்லை. சீக்கிரமே அதற்குக் கற்பூரம் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ‘ஒன்பது தவறாது’ என்று மூன்று மொழிகளில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். தொலைபேசியில் எண்ணைக் குறித்துக்கொள்பவர் அதைத் திரும்பப் படித்துக்காட்டும் பழக்கம் ஒன்று இருந்தது. ஒன்பது இருக்கும்போது அது எதற்கு, நேர விரயம் என்று நிறுத்திவிட்டார்கள்.

தொலைபேசி மேசையில் இருந்தவர் பெருமாள். வட ஆற்காட்டுக்காரர், புனேயை ஒட்டிய போபோடியில் குடியிருந்தார். வெளியூர்ப் பிரிவுகளிலிருந்து எண்ணைச் சொல்வார்கள், இவர் சீட்டில் எழுதுவார், விரலை மடக்கிக் கூட்டுவார், ஒன்பது வந்தால் சீட்டு கிடங்குக்குள் போகும். பொருளை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒன்பதின் மேல் அவருக்கு இருந்த பக்தி அந்த மேதைக்கே இருந்திருக்காது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பிறகு இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகத் தொலைபேசியில் இனி இந்திதான். அதுவரை எண்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு இலக்கமாக, ஃபோர், சிக்ஸ், ஒன், டூ என்று சொல்லிவந்தார்கள். இனி இந்தியில், அதுவும் இரண்டிரண்டாக. சியாலீஸ், பாரா, சத்தாவன், தீஸ் என்று ஓடும். நேரம் மிச்சமாகும் என்றார்கள். மிச்சமான நேரத்தை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு பிரிவு நான் முன்பு சொன்ன அந்த ரப்பர் குழாயைக் கேட்டது. போனது ஒரு பெட்டி பித்தளை வால்வு. லாரியில் ஏறியதற்குக் கையெழுத்து இருக்கிறது. போய்ச் சேர்ந்ததற்கு இல்லை. அந்தப் பிரிவோ தாங்கள் கேட்டது குழாய், வால்வு எதையும் பார்க்கவில்லை என்று கையை விரித்துவிட்டது. பித்தளை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு மரியாதை உண்டு, எடைக்குப் போட்டால் நல்ல காசு. பெருமாள் எழுதிய சீட்டை எடுத்தார்கள். அதில் இருந்த எண் 461275308108. வால்வின் எண். ஒன்பதால் வகுபட்டது.

அதுதான் வினையாகிவிட்டது. வகுபடாமல் இருந்திருந்தால் கவனக்குறைவு, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். வகுபட்டதால் தர்க்கம் இப்படிப் போயிற்று: பிழையாக எழுதப்பட்ட எண் ஒன்பதில் மாட்டிக்கொள்ளும். இது மாட்டிக்கொள்ளவில்லை. ஆகவே இது பிழை இல்லை. பிழை இல்லை என்றால் வேண்டுமென்றே செய்தது. வேண்டுமென்றே செய்ய ஒன்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது நன்றாகத் தெரிந்தவர் யார்? பெருமாள். பெருமாளை இடைநீக்கம் செய்துவிட்டு விசாரணைக் குழு அமைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும், பித்தளைத் திருடன் என்ற பட்டம் மட்டும் தங்கும்.

விசாரணைத் தலைவர் கான்பூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், அதாவது யாரிடமும் குரலை உயர்த்தாமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர். ஓய்வு பெறுவதற்கு முன் அவருக்குக் கடைசி விசாரணை இது. எண்ணிடும் பிரிவில் கணிதம் படித்தவன் என்பதால் என்னை நிபுணராகக் கூப்பிட்டார். வேலை ஒரே வரி. ‘சீட்டில் உள்ள எண் ஒன்பதால் வகுபடுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“அரே பாய், பள்ளிக்கூடப் பையன் எழுதுவான் இதை. ஆனால் உங்கள் கையெழுத்து இருந்தால் கோப்புக்கு ஒரு கனம்,” என்றார்.

அவசரமில்லை, பிறகு எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் பாடம் வேண்டுமானால் இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்: உண்மையான ஒரு வாக்கியத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் உடனே போடாதீர்கள். பொய்யில் கையெழுத்துக் கேட்பவன் கொஞ்சம் கூச்சப்படுவான். உண்மையில் கேட்பவன் எதற்கும் தயாராக வந்திருப்பான்.

வால்வின் எண்ணிலிருந்து குழாயின் எண்ணைக் கழித்தேன். ஒரு கோடியே எண்பது லட்சம். பதினெட்டுக்குப் பின்னால் ஆறு பூஜ்யம். பதினெட்டைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். ஐம்பத்தேழு எழுபத்தைந்தாகியிருக்கிறது, ஏழிலிருந்து ஐந்து போனால் இரண்டு, இரு ஒன்பது பதினெட்டு. ஒன்பதுக்குக் கூட்டத்தான் தெரியும். யார் முன்னால் நின்றார், யார் பின்னால் நின்றார் என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் மூன்று மொழிகளில் மாட்டியிருந்த தெய்வம் பிறவிக் குருடு.

தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஆக, எப்படி மாற்றினால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்து மாற்றியிருக்கிறான். இன்னும் மோசம் அல்லவா?”

இலக்கங்கள் இடம் மாறியதை நிரூபித்தேன். ஏன் மாறின என்பதை எந்தக் கழித்தலும் சொல்லாது. அந்த ஞாயிற்றுக்கிழமை போபோடிக்குப் போனேன். விசாரணை நிபுணர் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. இப்படி ஒருவன் போவான் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

தகரக்கூரை போட்ட இரண்டு அறை. பெருமாள் சவரம் செய்து பல நாளாகியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் சுவரோரம் நின்றார்.

“என்ன நடந்தது பெருமாள்? சும்மா சொல்லுங்க, நான் எழுதிக்கப்போறதில்ல.”

“ஒம்போது பொய் சொல்லாது சார்.”

“நான் ஒன்பதைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்.”

“நான் இன்னா சார் சொல்றது? எனக்கு எழுதின நெனப்பே இல்ல. ஒரு நாளைக்கு அத்தினி சீட்டு. ஆனா தப்பா எழுதியிருந்தா ஒம்போதுல நின்னிருக்கும். நிக்கல. அப்போ தெரிஞ்சுதான எழுதிக்கீறேன்? கணக்கு அப்டித்தான சார் வருது?”

அடுப்பருகே இருந்த அவர் மனைவி ராஜம்மா பாத்திரத்தை ஓசைப்பட வைத்துவிட்டு வந்தார்.

“பாத்தீங்களா சார், இப்டியேதான் பேசிக்கினு கீறாரு. ராத்திரி தூக்கத்துல எழுந்துகினு, ‘ஏம்மே, நான் பித்தள கித்தள எதுனா எடுத்தாந்தேனா’ன்னு என்னியே கேக்குறாரு. எடுத்தாந்திருந்தா இந்தத் தகரத்துக்குக் கீழ ஏன்யா குந்திக்கினு கீறோம்?”

“சும்மா இரும்மே. சாரு முன்னால.”

“ஏன் சும்மா இருக்கணும்? இவருக்குத் திருட்டுக்கு மூள ஏது சார்? போன வாரம் ரேஷன் கடையில டோக்கன் குடுத்தான், இருவத்தேழு. மராட்டிக்காரன் ‘சத்தாவீஸ், சத்தாவீஸ்’னு தொண்ட கிழியக் கத்துறான். இவரு மரமாட்டம் நிக்கிறாரு. இன்னாய்யான்னா, ‘இரு, எழுபத்திரண்டத்தான கூப்புடுறான்’றாரு. அதுக்குள்ள மண்ணெண்ண தீந்துபூட்ச்சு. இத்தினி வருஷமா பூனாவுல கீறாரு சார்!”

“அவன் மொதல்ல சாத்துன்னான். ஏழு. நான் இன்னா பண்றது?” என்றார் பெருமாள்.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

நமக்கு எண்ணில் பெரியது முதலில் வரும். ஐம்பத்தேழு என்றால் ஐம்பது முதலில், ஏழு பின்னால். இந்தியிலும் மராத்தியிலும் சின்னது முந்திக்கொள்ளும். சத்தாவன் என்றால் ஏழு முதலில், ஐம்பது பின்னால். அந்த மொழியில் பிறந்தவர் காதில் அது முழுச் சொல்லாக விழும். 57 என்று எழுதிவிடுவார். நம்மவர் காதில் ஏழு முதலில் விழும். பேனா ஏழை எழுதிவிட்டு மிச்சத்துக்குக் காத்திருக்கும். எதிர்முனையில் இருப்பவர் வேகமாகச் சொன்னால் 75 தயார். இந்தப் பிழையைத் தமிழ்க் காதும் இந்தி வாயும் சேர்ந்தால்தான் செய்ய முடியும். அதுவும் மிகச் சரியாக, ஒன்பதுக்குத் தெரியாத வகைப் பிழையாக அது அமைந்துவிட்டது. தலைமை அலுவலகம் இரண்டு தனித்தனிச் சுற்றறிக்கைகளால் சாதித்த ஒருங்கிணைப்பு இது. மாறிப்போன எண்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பொருள் எதுவும் இருக்காது. கிடங்கிலிருந்து சீட்டு திரும்பி வரும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இந்த ஒரு முறை இரண்டு எண்ணுக்கும் பொருள் இருந்தது, அதில் ஒன்று பித்தளையாக இருந்தது.

மறுநாள் தலைவரிடம் இதைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அதுதான் சங்கடம். இந்தியில் எண் சொன்னதால் நஷ்டம் என்று நான் எழுத வேண்டுமா?”

“வேண்டாம்.”

“ஒன்பது தவறும் என்று எழுத வேண்டுமா? அதை வகுத்தவர் இப்போது யார் தெரியுமா? என் ஓய்வூதியக் கோப்பு அவர் மேசை வழியாகத்தான் போகிறது.”

“தெரியும்.”

“சரி, எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷமாக இந்தக் கிடங்கிலிருந்து போன ஒவ்வொரு பெட்டியும் சரியான பெட்டிதானா என்று தணிக்கைக்காரன் கேட்பான். யார் பதில் சொல்வது? நீங்களா?” குரலை இன்னும் தாழ்த்தினார். “ஒரு ஆள், பாய். ஒரே ஒரு ஆள். நீங்கள் அந்த ஒரு வரியை எழுதுங்கள். அது உண்மைதானே?”

உண்மைதான். அவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் உங்களில் வீரர்கள் சிலர் ‘கையெழுத்துப் போடமாட்டேன்’ என்று வெளியே நடந்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கும். சாப்பாட்டு இடைவேளைக்குள் வேறு ஒரு எம்.எஸ்ஸி. வந்து அந்த வரியை எழுதியிருப்பான். பெருமாள் வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் உங்கள் நேர்மையை மனைவியிடம் சொல்லி மகிழ்ந்திருப்பீர்கள். இன்னும் சிலர் பத்துப் பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருப்பீர்கள். பத்துப் பக்கத்தை ஒரு வரியில் நிராகரிக்க முடியும்: ‘விசாரணைக்கு அப்பாற்பட்டது’.

நான் அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாக்கியம்.

‘சீட்டில் உள்ள எண் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இதே பன்னிரண்டு இலக்கங்களை எப்படி இடம் மாற்றி அடுக்கினாலும் கிடைக்கும் எண்கள், பூஜ்யத்தில் தொடங்குபவற்றையும் சேர்த்து ஏறத்தாழ ஆறு கோடி, அவை அனைத்தும் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகின்றன.’

கையெழுத்து, பதவி, முத்திரை எல்லாம் ஒழுங்காக.

தலைவர் முதல் வாக்கியத்தைப் படித்துத் தலையை ஆட்டினார். இரண்டாவதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“ஆறு கோடியா?”

“கொஞ்சம் குறையும். வேண்டுமானால் சரியான எண்ணிக்கையைப் போடுகிறேன்.”

“இது கேட்கப்படவில்லையே.”

“கேட்கப்படவில்லை. பொய்யும் இல்லை.”

“அடித்துவிடுங்கள்.”

“நீங்கள் அடிக்கலாம். நிபுணர் கருத்தை முழுசாக ஏற்க வேண்டும், அல்லது முழுசாக நிராகரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அது கருத்துக்காகத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். எண் விஷயம் என்பதால் அந்த மேதையிடம்தான் போகும்.”

இந்தி பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை. ஒன்பது தவறும் என்றும் இல்லை. ஒன்பதை இவ்வளவு புகழ்ந்து யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். ஆறு கோடி எண்களுக்கு அது சரி சொல்கிறது என்று எழுதியிருக்கிறேன். ஆனால் வெளியே எந்த வக்கீல் அதைப் படித்தாலும் அடுத்த கேள்வியைத் தானாகக் கேட்பான். பெருமாளை நீக்கினால் அவர் நீதிமன்றம் போவார். போனால் இந்தத் தாளும் கூடப் போகும். தலைவருக்கு நான் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைவிட அதிக விசாரணைகள் பார்த்தவர்.

தாளை மடித்தார். பிரித்தார். “நீங்கள் மதராஸ்காரர்கள்...” என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் டீ சொல்லியனுப்பினார்.

முடிவு சில நாட்களில் வந்தது. ‘சான்று போதாமையால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்படுகிறது.’ வால்வுப் பெட்டி வழியில் என்ன ஆயிற்று என்பதை யாரும் கிளறவில்லை. என் இரண்டு வாக்கியங்கள் தேவையில்லாமல் போயின. குற்றச்சாட்டே இல்லாதபோது நிபுணர் கருத்து எதற்கு?

ஒன்பது விதியையும் சரிசெய்தோம். அப்படிச் சொல்லக்கூடாது, நம் துறையில் எதையும் சரிசெய்வதில்லை, ‘மேலும் வலுப்படுத்துகிறோம்’. ஒன்பதோடு பதினொன்றையும் சேர்த்தோம். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பார்க்கும் அந்தச் சோதனையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வேறு இலக்கங்கள் இடம் மாறினால் கட்டாயம் உதைக்கும். அந்த மேதை அதை ஏற்று, தமது பழைய திட்டத்தின் இயல்பான வளர்ச்சி என்று குறிப்பு எழுதினார். தொலைபேசியில் இந்தி தொடர்ந்தது. ‘இந்திச் சொற்கள் எல்லாருக்கும் பழகும் பொருட்டு’ ஒவ்வொரு இலக்கமாக ஏக், தோ, தீன் என்று சொல்லலாம் என்றார்கள். எல்லாரும் வென்றார்கள். இப்படி எல்லாரும் வெல்லும்படி எழுதத் தெரியாதவர் எண்ணிடும் பிரிவுக்கு லாயக்கில்லை. கணிதம் தெரியாவிட்டால்கூடச் சமாளிக்கலாம்.

உத்தரவை நானே போபோடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். தபாலில் போக ஒரு வாரமாகும். பெருமாள் வாங்கிப் பார்த்தார். ஆங்கிலமும் இந்தியும். என்ன இருக்கிறது என்று சொன்னேன். நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றேன்.

“அப்போ நான் எடுக்கல. இல்ல சார்?”

கிண்டலாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

“நீங்க எடுக்கல பெருமாள். அவன் சத்தாவன்னு சொன்னான், நீங்க ஏழை முதல்ல எழுதினீங்க. அவ்வளவுதான்.”

“இதுல அப்டி போட்டுக்கீறாங்களா?”

உத்தரவை நான் மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சான்று போதவில்லை என்றுதான் அதில் இருந்தது. அவர் எடுக்கவில்லை என்று அந்த அலுவலகத்தின் எந்தத் தாளிலும் இல்லை. இருக்க முடியாதபடி பார்த்துக்கொண்டவர்களில் நான் முதல் ஆள். அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் அவருக்கு வேலை மிஞ்சியது.

“போடல,” என்றேன்.

“நீங்க எழுதிக் குடுங்க சார். தமிழ்லியே குடுங்க.”

ராஜம்மா காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பி நீட்டினார். என் பணிக்காலம் முழுவதும் கோப்பு எண்ணும் முத்திரையும் இல்லாமல் நான் கையெழுத்துப் போட்ட தாள் அது ஒன்றுதான். ‘பெருமாள் எதையும் எடுக்கவில்லை. காதில் விழுந்தபடி எழுதினார்’ என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். விதிப்படி அது செல்லாது.

ராஜம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். பெருமாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிமிராமலே சொன்னார்:

“இன்னொரு தபா படி.”